அதே கட்டையில் ஐந்தாவதாக விழுந்தவர்

வில்மோரன் கிராமம்,
புனித மாற்கு திருநாளுக்கு மறுநாள்.

துரோவா நகரத்து அச்சுக்கூடத்தின் முதலாளி ஐயா அவர்களுக்கு, வில்மோரனில் மரப்பீப்பாய் செய்துகொண்டிருந்த காலஞ்சென்ற பார்னபே மொரிஸோவின் மனைவி அப்போலின் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

ஐயாவும் வீட்டம்மாவும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடுகிறேன். ஐயாவுக்குப் பிள்ளைகள் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் படிக்கவும். இல்லாத பிள்ளைகளை ஒருவருக்கு உண்டாக்கிவிட்டால் எவ்வளவு தொல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன். இங்கே நானும் கோழிகளும் சுகம்.

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கன்னியர் மடத்தில் சிறுமியாகப் புதுநன்மை வாங்குகிற வரைக்கும்தான் படித்தேன். முதலில் சந்தையில் மேசை போட்டு உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுக்கிறவரிடம்தான் போனேன். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது "அக்கினிச் சிறகு விரித்த ஆகாய வேந்தனே" என்று ஆரம்பித்திருந்தது. நான் அப்படியெல்லாம் சொல்லவில்லையே, என் வீட்டுக்காரர் பீப்பாய் செய்கிறவர், படுக்கையில் நெஞ்சுச் சளி வந்து செத்தார் என்றுதானே சொன்னேன் என்று கேட்டேன். "அம்மா, நான் படத்தையே பார்த்துட்டேன், எங்கிட்டயா மறைக்கிறீங்க" என்றார். அதனால்தான் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நீங்கள் அச்சடித்து விற்கிற "ஆகாய வீரர் மொரிஸோவின் கோர மரணம்" என்கிற படத்தாளில் இருப்பவர் என் வீட்டுக்காரர் இல்லை. பெயர் அவருடையது, முகம் வேறு யாருடையதோ. அந்த முகத்தை எடுத்துவிட்டு அவர் முகத்தை வைத்துத் தர வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன், வேறு எதையும் கேட்கவில்லை.

தவக்காலம் முடிந்து நடந்த முதல் சந்தைக்கு முட்டை விற்கப் போயிருந்தேன். கிணற்றுப் பக்கம் ஒரே கூட்டம். முதுகில் பெட்டி சுமந்து ஊர் ஊராகப் போகிற படக்காரர் ஒருவர் கொம்பில் தாளை மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டு, கீழே அச்சடித்திருந்த ஒப்பாரிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். நல்ல குரல். யாரோ பாவம், நெருப்பில் வெந்து வானத்திலிருந்து விழுந்திருக்கிறார் என்று நானும் நின்று கேட்டேன். கண்ணீர்கூட வந்தது, முட்டைக்கூடை கையில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. நாலாவது அடியில்தான் மொரிஸோ என்ற பெயர் வந்தது. அது என் வீட்டுக்காரர் பெயராயிற்றே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. படக்காரர் தொப்பியைக் கழற்றி, "அப்ப நீங்கதானா இது" என்று குச்சியால் தாளின் கீழ் மூலையைத் தொட்டார். அங்கே ஒருத்தி தலைமுடியை விரித்துப் போட்டு, மாரில் கை வைத்து, வயலில் மயங்கிச் சாய்ந்துகொண்டிருந்தாள். ஐயா, நான் பிறந்ததிலிருந்து மயங்கி விழுந்ததில்லை. எனக்கு அவ்வளவு முடியும் கிடையாது. அவளைச் சுற்றி மூன்று பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றன. "பிள்ளைங்களை எங்கம்மா விட்டுட்டு வந்தீங்க?" என்று படக்காரர் கேட்டார். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "அச்சுல மூணு இருக்கேம்மா" என்றார். பின்னால் நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம், "பெத்ததையே இல்லைங்கிறா பாரு, இவளும் ஒரு பொம்பளையா" என்றாள்.

பிள்ளைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். கடைசியாக நிற்கிற சின்னப் பெண்ணுக்குக் காலில் ஒன்றும் இல்லை. வெறுங்கால். கோதுமை அறுத்த வயல் என்று பார்த்தாலே தெரிகிறது, அறுத்த இடத்தில் கட்டை கட்டையாகக் குத்திக்கொண்டு நிற்காதா. என் பிள்ளையாக இருந்தால் அப்படி விடுவேனா? மரச்செருப்பு இல்லாமல் வாசலைத் தாண்டியிருக்காது. அதைப் பார்க்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள், முகத்தோடு சேர்த்து.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், ஐயா பொறுமையாகப் படிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பறக்கப் போனதே படத்தாளால்தான். வாலிபத்தில் ஒரு படக்காரரிடம் ஒரு தாள் வாங்கி, உளி, சுத்தியல் வைக்கிற கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். அதில் ஒரு பலூன் தீப்பிடித்துக் கீழே வருகிறது, கூடையில் ஓர் ஆள் இறகு வைத்த தொப்பியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அடியில் ஏதோ ஒரு பெயர். உளி எடுக்கப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பார், உளியை மறந்துவிடுவார். விழுகிற படத்தைப் பார்த்துவிட்டு மேலே போக ஆசைப்பட்டவர் இந்த நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். நான் கேட்டிருக்கிறேன். "விழுறதுக்கு முன்னாடி மேல இருந்திருக்கான்ல" என்பார்.

பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டில் விரிப்பே கிடையாது. எல்லாம் பலூனுக்குப் போய்விட்டது. என் பாவாடை, அவர் தங்கை ஃபிலோமேனின் நீல ஜன்னல் திரை, மாவு மூட்டைத் துணி, எல்லாவற்றையும் நான்தான் தைத்தேன். ஆளிவிதை எண்ணெய் காய்ச்சிப் பூசினோம், அந்த நாற்றத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. உங்கள் படத்தில் பலூன் முழுக்கத் தங்கக் குஞ்சமும் ராஜாவின் முத்திரையும் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தையலை ஏன் குறுக்கே போட்டீர்கள்? அப்படித் தைத்தால் மாதாகோவில் கோபுரத்தைத் தாண்டாது. நான் மேலிருந்து கீழாகத்தான் தைத்தேன், இரட்டைத் தையல். விரலைக் காட்டினால் இன்னும் ஊசித் தழும்பு இருக்கும்.

திருவிழாவுக்குத் திருவிழா மேலே போனார். கீழே வைக்கோலையும் ஈர ஆட்டு ரோமத்தையும் கொளுத்துவோம், புகை உள்ளே ஏறி மெல்ல உப்பும், ஊர்ப் பிள்ளைகள் கத்துவார்கள், கயிற்றை விடுவோம். ஒவ்வொரு முறையும் கூடையில் ஏறும் முன்னால் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார். முதல் முறை காற்றில் பறந்த தொப்பியை ஓர் ஆடு தின்றுவிட்டது, அதிலிருந்து அந்தப் பழக்கம். உங்கள் ஆள் இறகுத் தொப்பியோடு நிற்கிறாரே, அது எப்படி நடக்கும்? அவர் தொப்பி என் கையில் அல்லவா இருந்தது. இன்னொன்று, உங்கள் ஆள் வானத்தைப் பார்க்கிறார். என் ஆள் ஒருநாளும் மேலே பார்த்ததில்லை. கூடையின் விளிம்பில் கையை ஊன்றிக் கீழேதான் பார்த்துக்கொண்டே போவார். அத்தனை உயரத்தில் என்னதான் தெரியும் என்று ஒரு தடவை கேட்டேன். "எல்லாரும் வெறும் தொப்பியாத்தான் தெரியறாங்க. உன்னை மட்டும் கண்டுபிடிச்சிருவேன். ரெண்டு தொப்பி வெச்சிருக்கிறவ நீ ஒருத்திதானே" என்றார்.

போன அறுவடைத் திருவிழாவில்தான் உங்கள் கோர மரணம் நடந்தது. அதாவது நடக்கவில்லை. காற்று கிழக்கே தள்ளியது, பலூன் குன்றுக்கு அந்தப்பக்கம் போனது, அங்கே எவரோ களை கொளுத்திய புகை எழுந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் புகையைப் பார்த்தார்கள், முடிவு கட்டிவிட்டார்கள். கோவில் மணியை அடித்துவிட்டார்கள். ஃபிலோமேன் அன்றைக்கே தன் ஒரே நல்ல பாவாடையைக் கறுப்புச் சாயத் தொட்டியில் முக்கிவிட்டாள். யாரோ பட்டணத்துப் பத்திரிகைக்கு எழுதியும் போட்டுவிட்டார்கள். அவரோ அங்கே ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் பத்திரமாக இறங்கித் துணிக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் சந்திரன் விழுந்துவிட்டது என்று வைக்கோல் வாரிகளைத் தூக்கிக்கொண்டு வந்து குத்தப் பார்த்திருக்கிறார்கள். துணிக்கு உள்ளிருந்து இவர், "குத்தாதீங்கய்யா, நான் வில்மோரன் பார்னபே, பீப்பாய் செய்றவன்" என்று கத்தியிருக்கிறார். கூட்டத்தில் பெரின் என்று ஒருத்தி, விவசாயியின் மனைவி, கோஸ் ஊறப்போடுவதற்கு இவரிடம்தான் பீப்பாய் வாங்கியிருந்தாள். அவள் வாரியை ஓங்கியபடியே முன்னால் வந்து, "நீயா? உன்னைத்தான் தேடிட்டு இருக்கேன். அந்தப் பீப்பாய் ஒழுகுது. சரி பண்ணாம நீ இந்த ஊரைவிட்டுப் போக முடியாது" என்றாளாம். சந்திரனாக இருந்திருந்தால்கூட விட்டிருப்பார்கள். பீப்பாயைச் சரிசெய்து, ஊறிய கோஸும் பன்றிக் கறியும் சாப்பிட்டு, இரண்டு நாள் கழித்துக் கிழங்கு வண்டியில் வந்து இறங்கினார். நான் வாசலில் அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார். அந்த இரண்டு நாளும் நான் அழவில்லை, அப்போதுதான் அழுதேன். ஃபிலோமேன் வந்து அண்ணனைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்த போ. இந்தச் சாயத்தை நான் இனி எப்படி எடுக்கிறது?" என்றாள்.

பிறகு குளிர்காலத்தில் அவர் செத்தார். அதற்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை. கொட்டகைக் கூரை ஒழுகி, மடித்து வைத்திருந்த பலூன் துணி நனைந்துவிட்டது. பூசணம் பிடித்துவிடும் என்று கொட்டுகிற மழையில் அதை இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் போட்டார். நெஞ்சில் சளி கட்டியது, காய்ச்சல் இறங்கவில்லை. பங்குச் சாமியார் வந்து சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசினார், ஃபிலோமேன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். வீடு முழுக்க அந்தத் துணிதான் தொங்கிக்கொண்டிருந்தது, அதை விலக்கிக்கொண்டுதான் கட்டிலுக்குப் போக வேண்டும். காலையில் கண்ணைத் திறந்து, "துணி காஞ்சிருச்சா?" என்று கேட்டார். அது காயவில்லை. காய்ந்துவிட்டது என்றேன். "மடிக்கும்போது தையல் உள்பக்கமா இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் ஐயா. இதில் பாட்டுப் போட ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும்.

உங்கள் படத்தாள் வந்தபிறகு அவர் இப்படிச் செத்தார் என்று நம்புவதற்கு என்னைத் தவிர ஆளே இல்லை. கல்லறைக்குச் சிலுவை செதுக்குகிறவர் கேட்காமலேயே அதில் எரிகிற பலூனைச் செதுக்கிவிட்டார். ஏன் என்றால் அவர் பட்டறைச் சுவரில் உங்கள் தாள் இருக்கிறது, அதைப் பார்த்துச் செதுக்கினாராம். தன் கையாலேயே எண்ணெய் பூசின சாமியார், பெருமை பிடித்தவன் வானத்திலிருந்து விழுவான் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் வைக்கிறார். நான் பின்வாசலில் நிறுத்திக் கேட்டேன். "மகளே, சளியை வெச்சு நான் என்ன பிரசங்கம் பண்றது?" என்றார். வெளியூரிலிருந்து ஆட்கள் என்னைப் பார்க்க வருகிறார்கள். கதவைத் திறந்ததும் என் தலைமுடியைத்தான் பார்க்கிறார்கள், பிறகு என் பின்னால் பிள்ளைகள் வருகிறதா என்று பார்க்கிறார்கள், ஏமாந்த முகத்தோடு போகிறார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஃபிலோமேன், சாகிறவரைக்கும் அண்ணன் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தவள், ரொட்டிக் கடையில் நின்று "எங்கண்ணன் எரிஞ்சுக்கிட்டே விழுந்ததை என் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்தபோது, ஏண்டி இப்படிப் புளுகுகிறாய் என்று கேட்டேன். அவள் "அண்ணி, அச்சுல வந்துருச்சு. இனிமே நாம பார்த்ததை யாருகிட்ட போய்ச் சொல்றது?" என்றாள். கறுப்புப் பாவாடையும் இப்போது உதவுகிறது அவளுக்கு.

ஆகவே நானே புறப்பட்டு, மது ஏற்றிப் போகிற வண்டியில் தொற்றிக்கொண்டு துரோவாவுக்கு வந்தேன். ஐயா வெளியூர் போயிருந்தீர்கள். உங்கள் மேஸ்திரி மத்தூரன் மரியாதையாக உட்கார வைத்தார். ஆப்பிள் மது கொடுத்தார். நீளமான மேசையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெட்டின அட்டையைத் தாள்மேல் வைத்துச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சிவப்பு மட்டும், ஒருத்தி மஞ்சள் மட்டும். பேச்சும் சிரிப்பும் பலம், அதனால்தான் சந்தையில் நான் வாங்கி வைத்திருக்கிற தாளில் நெருப்பின் சிவப்பு பக்கத்து வயலில் நிற்கிற மாட்டின்மேல் போய்விட்டது என்று புரிந்தது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மத்தூரன் உள்ளே போய் ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். மை ஏறிக் கறுத்துப்போன பேரிக்காய் மரக் கட்டை. பலூன், நெருப்பு, இறகுத் தொப்பி, மயங்கி விழுகிறவள், மூன்று பிள்ளைகள், எல்லாம் இடவலம் மாறி இருந்தது. இதைச் செதுக்கியபோது என் வீட்டுக்காரர் பிறந்திருக்கக்கூட மாட்டார் என்றார். செத்தவர் பெயரை மட்டும் அடியில் எழுத்துக் கோத்து மாற்றிக்கொள்வார்களாம். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கட்டையில ஏற்கனவே நாலு பேர் செத்துட்டாங்க. உங்க வீட்டுக்காரர் அஞ்சாவது" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கருவிப் பெட்டி மூடியில் மங்கிப்போய் ஒட்டியிருந்ததும் இதே கட்டையில் அடித்த தாள்தான். அத்தனை வருஷமும் அந்த மனுஷன் உளி எடுக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது தன் சாவையேதான், அடியில் வேறு பெயரோடு.

மத்தூரன் நல்லவர். முகம் இருக்கிற இடத்தை மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோண்டி எடுத்துவிட்டு, புதுத் துண்டு மரத்தைச் செருகி வேறு முகம் செதுக்கலாம், முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அங்கே கட்டை செதுக்குகிறவரையும் கூப்பிட்டார். அவர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, "சொல்லுங்கம்மா, முகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

ஐயா, நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

நல்ல முகம் என்றேன். அவர் காத்திருந்தார். இரண்டு கண், ஒரு மூக்கு என்றேன். "மூக்கு எல்லாருக்கும் நடுவுலதாம்மா இருக்கு, உங்காளுக்கு எப்படி?" என்று கேட்டார். மேசையில் ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி அவளை அதட்டினாள். நான் எழுந்து வந்துவிட்டேன். ஆப்பிள் மதுவைக்கூட முடிக்கவில்லை, மத்தூரனிடம் மன்னிப்புச் சொல்லிவிடுங்கள்.

ஒரே கட்டிலில் இத்தனை வருஷம் படுத்தவள் மறப்பாளா என்று ஐயா நினைப்பீர்கள். வீட்டுக் கதவை யார் உற்றுப் பார்க்கிறார்கள், திறக்கிறோம், மூடுகிறோம். அவர் கை எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருமுவது, சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவது, மரத்தூள் வாசனை, எல்லாம் இருக்கிறது. முகத்துக்கு வரும்போது மட்டும் கண்ணை மூடினால் உங்கள் ஆள் வந்து நிற்கிறார். என் வீட்டில், என் அடுப்புக்கு முன்னால், இறகுத் தொப்பியோடு. போய்யா என்றால் போக மாட்டேன் என்கிறார். சந்தையில் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இப்படி. எங்களிடம் அவரை வரைந்த படம் எதுவும் கிடையாது, எங்கள் மாதிரி ஆட்களுக்கு யார் வரைவார்கள்? ஆணியில் தொப்பி தொங்குகிறது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஊர் எதை வேண்டுமானாலும் நம்பட்டும். எனக்கு அந்த முகம் வேண்டும்.

அதனால் இன்று காலை உங்கள் தாளை அலமாரிக் கதவில் ஊசியால் குத்தி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். செதுக்குகிறவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் ஆளின் மூக்கு வாளைப் போல நேராக இருக்கிறது. அது தப்பு. அவர் மூக்கு இடது பக்கம் சாய்ந்திருக்கும், வேலை பழகும்போது இரும்பு வளையம் தெறித்து அடித்ததாம். அதனால் நேராகப் பார்க்கும்போதுகூட எங்கேயோ புறப்பட்டுப் போகிறவர் போல இருப்பார். உங்கள் ஆளுக்கு இரண்டு புருவமும் கறுப்பாக, வில்லாக இருக்கிறது. அவருக்கு வலது புருவம் பாதிதான். முதல் தடவை வைக்கோல் கொளுத்தியபோது கருகியது, பிறகு முளைக்கவே இல்லை. அதனால் எப்போதும் ஏதோ கேட்க வருகிறவர் மாதிரி இருக்கும், என்ன வேண்டும் என்று நான்தான் வீணாகக் கேட்டுக்கொண்டே இருப்பேன், ஒன்றுமில்லை என்பார். காது பெரியது. குளிரில் முதலில் சிவப்பது அதுதான், சாயம் பூசுகிற பெண் அங்கே கொஞ்சம் தாராளமாகப் பூசலாம். வாயை உங்கள் ஆள் இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறார். அவர் உளி பிடிக்கும்போது நாக்கு நுனி வெளியே வரும். மேலே ஏறும்போதும் அப்படித்தான், கூடை தரையை விட்டதும் வாய் கொஞ்சம் திறந்து, நாக்கு நுனி தெரிய, விளிம்பில் கையூன்றி, அந்தப் பாதிப் புருவத்தைத் தூக்கி, கூட்டத்தில் இரண்டு தொப்பி எங்கே என்று தேடுவார். நான் அவர் தொப்பியை உயர்த்திக் காட்டுவேன். கண்டுபிடித்தவுடன் கன்னத்தில் ஒரு குழி விழும். ஒரு பக்கம் மட்டும். இடது பக்கம், மூக்கு சாய்ந்த பக்கம். அந்தக் குழியைக் கட்டாயம் செதுக்கச் சொல்லுங்கள், நகம் அளவு மரத்தில் முடியுமா என்று தெரியவில்லை, முயற்சி செய்யட்டும்.

எழுதிக்கொண்டே போனதில் அடுப்பில் பீன்ஸ் தீய்ந்துவிட்டது. நாளைக் காலை மது வண்டிக்காரர் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வருவார். எப்படியாவது அந்த முகத்தையும் பிள்ளைகளையும் எடுத்துவிட்டு, தையலையும் திருத்தித் தர ஐயாவை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஐயாவின் வீட்டின்மேலும் அச்சுக்கூடத்தின்மேலும் மாதாவின் நிழல் விழட்டும், மத்தூரனுக்கும் செதுக்குகிறவருக்கும் என் வணக்கம், சிரித்த பெண்ணுக்கும் நல்ல வாழ்வு அமையட்டும்.

தங்கள் பணிவுள்ள,
அப்போலின் மொரிஸோ

பின்குறிப்பு: வண்டிக்காரர் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார், அதற்குள் இதை எழுதிவிடுகிறேன். மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கட்டையைத் தோண்ட வேண்டாம். விடிந்ததிலிருந்து யோசித்துவிட்டேன். அவர் முகத்தைச் செருகிவிட்டால், நாளைக்கு எங்கேயோ ஆறாவதாக ஒருவர் விழுவார், நீங்கள் பெயரை மாற்றி அடிப்பீர்கள், அப்போது என் வீட்டுக்காரர் மறுபடியும் எரிந்துகொண்டு விழ வேண்டும். ஒரு தடவைகூட விழாதவர் அவர். அந்த ஆளின் மனைவி கண்ணை மூடினால் சாய்ந்த மூக்கோடு இவர் போய் அவள் அடுப்பங்கரையில் நிற்பார், அவள் பாவம் என்ன செய்வாள்? இறகுத் தொப்பிக்காரரே இருக்கட்டும், அவர் யாருக்கும் சொந்தமில்லை, எங்கள் எல்லாருக்கும் பொது. நேற்று அவரோடு சண்டை போட்டுச் சண்டை போட்டுத்தான் எனக்கு அந்தக் குழி ஞாபகம் வந்தது. இது இல்லை, இது இல்லை என்று சொல்ல எனக்கு அவர் எதிரில் இருக்க வேண்டும். அதே தாளில் இன்னொன்று அனுப்பி வையுங்கள், விரல் வைத்து வைத்து என்னுடையதில் மூக்குப் பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது. பிள்ளைகளையும் எடுக்க வேண்டாம். கதவில் குத்தி வைத்ததிலிருந்து பழகிவிட்டது. ஒன்று மட்டும் செய்யுங்கள், அதற்குக் கட்டையைத் தொட வேண்டியதில்லை. பழுப்புச் சாயம் பூசுகிற பெண்ணிடம் சொல்லி, கடைசியாக நிற்கிற சின்னவளின் காலருகே இரண்டு பொட்டு வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மரச்செருப்பு போட்டிருக்கிற மாதிரித் தெரியும்.